வெளியூர் ஆட்டம்

'ஃப்ளைட் 666' ஆவணப்படத்தை இந்த வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் இசைக்குழுவின் 2008 உலகச் சுற்றுப்பயணம். சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் கூட்டாக இயக்கி 2009இல் வந்தது. 45 நாளில் 23 கச்சேரி. முதல் ஆட்டம் நம்ம மும்பையில், பிப்ரவரி 1. குழு பறக்கும் போயிங் 757ஐப் பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டுகிறார். கேப்டனே டீம் பஸ்ஸுக்கு டிரைவர்!

மேடைக் காட்சிகள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டன. ஊர் மாறினாலும் பாட்டு மாறவில்லை. மனதில் நிற்பது பொகோட்டாதான். கச்சேரி முடிந்தபின், கைக்கு வந்து சேர்ந்த டிரம்ஸ் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு ரசிகர் அழுகிறார். அவ்வளவுதான் காட்சி.

அதே கண்ணோடு நம்ம 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பக்கம் வருவோம். சென்னையின் கானாப் பாட்டையும் ராக்கையும் கலந்து பாட, இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அணி. 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர், அதில் ராயபுரத்து இசைவாணி ஒருவர்தான் பெண். ராயபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் என்ன தூரம்? ஷேர் ஆட்டோ தூரம். ஆனால் கானாவுக்கு அதுவே வெளியூர் ஆட்டம்.

கானாவின் சொந்த மைதானம் சாவு வீட்டுப் பந்தல். விடிய விடியப் பாடுகிறவர் ஒரு வரியை இழுத்தால் டோலக் காத்திருக்கும். போனவரின் பெயரை நடுவில் செருகினால் தாளம் விலகி வழிவிடும். மேடையில் அது நடக்காது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் எண்ணிக்கை வைத்து ஓடுகின்றன, பாடகர் ஒரு மூச்சு பிந்தினால் பந்து எதிரணி காலில். இங்கேதான் சட்டி என்ற தாளக்கருவி நடுக்களம் ஆடுகிறது. டிரம்ஸின் கனத்த அடிகளுக்கு இடையில் பொடிப்பொடியாக நிரப்பி, பாடகர் மூச்சு வாங்க இடம் பிடித்துத் தருகிறது. கைதட்டல் என்னவோ பாடகருக்குத்தான். கால்பந்திலும் கோல் போட்டவன் படம்தானே பேப்பரில் வருகிறது?

இந்த அணியோடு ஒரு கேமரா ஊர் ஊராகப் போனால், நான் அதை மேடைக்குப் பின்னால்தான் நிறுத்துவேன். கடல் காற்று பட்டால் அணியின் பறைத்தோல் தொய்ந்துபோகும். ஒருபக்கம் கிட்டார்காரர் சாவியைத் திருகிச் சுருதி சேர்க்க, இந்தப் பக்கம் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறை காய்ச்சுவார்கள். விரலால் ஒரு சுண்டு. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, போதாதென்று மறுபடி நெருப்புக்குக் காட்டுவார்கள்.