வாயும் குரலும்

அரேதா ஃபிராங்க்ளின் பியானோ முன் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. கூட்டத்தில் இருந்த அவருடைய அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் எழுந்து வந்து மகளின் முகத்தைத் துடைத்துவிடுகிறார். பாட்டு நிற்கவில்லை. 'அமேசிங் கிரேஸ்' படத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம் இது. முதல்முறை கண் கலங்கியது. நாலாவது முறை, எடிட்டிங் பழகியவனின் கெட்ட புத்தி, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்க் சரியா இருக்கா?

சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது திரைக்கு வர 46 வருடம் ஆனது.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம். ஜேம்ஸ் கிளீவ்லேண்டும் ஒரு பெரிய பாடகர் குழுவும் துணைக்கு இருக்க, அரேதா இரண்டு இரவுகள் காஸ்பல் பாடுகிறார். குரல் ஒலிநாடாவில் பதிவாகிறது. சிட்னி போலாக் பல 16 எம்எம் கேமராக்களை வைத்துப் படம்பிடிக்கிறார். அந்த ஆண்டே ஆல்பம் வந்து பெரும் வெற்றி பெற்றது. படம் மட்டும் வரவில்லை. காரணம், கிளாப் அடிக்கவில்லை.

சினிமாவில் படத்தை ஒரு கருவியும் ஒலியை இன்னொரு கருவியும் பதிவுசெய்கின்றன. கிளாப் பலகை மூடும் ஃபிரேமையும் 'டப்' என்ற சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் மீதியெல்லாம் தானாகப் பொருந்தும். 16 எம்எம் ரீல் 400 அடி என்றால் சுமார் 11 நிமிடம் ஓடும். பல கேமராக்கள், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நின்று நின்று ஓடியிருக்கிறது. கையில் மிஞ்சியது சுமார் 20 மணி நேர ஊமைப்படம். எந்தத் துண்டு எந்தப் பாட்டின் எந்த வரி? உதட்டசைவைப் படிப்பவர்களை வைத்துப் பார்த்தார்கள். குழுவை நடத்திய அலெக்சாண்டர் ஹாமில்டனையே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முடியவில்லை. 2007இல் ஆலன் எலியட் அந்தச் சுருள்களை வாங்கி, டிஜிட்டலுக்கு மாற்றி, கணினியில் பொருத்தினார்.

டப்பிங்கிலேயே வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் போகலாம். நம் கதாநாயகிகள் பலருக்கு வாய் ஒருத்தருடையது, குரல் இன்னொருத்தருடையது. அதை ஏற்றுக்கொண்டுதானே பார்த்தோம்? ஆனால் இந்தப் படத்தில் அப்படி ஒட்டவைத்திருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. அரேதா அதிகம் பேசுவதில்லை, சிரிப்பதும் குறைவு. கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்துதான் வருகிறது என்பது மட்டும்தான் படம். அது இரண்டு ஃபிரேம் விலகினாலும் பாதிப் படம் போய்விடும்.

மீதிப் பாதி, கேட்பவர்களின் முகங்கள். தலைப்புப் பாடலின் நடுவே கிளீவ்லேண்ட் தாங்கமுடியாமல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அந்த ஷாட்டுக்கு உதட்டுக் கணக்கு தேவையில்லை. பாட்டில் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் அவர் அழுகை பொய்யாகாது. எனக்குப் படத்தின் உச்சம் அதுதான். தொழில்நுட்பம் பல வருடம் போராடி ஜெயித்த இடங்களைவிட, அதன் உதவியே தேவைப்படாத இந்த இடங்களில்தான் படம் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரேதா இந்தப் படத்தை வரவிடவில்லை. 2011இல் வழக்குப் போட்டார். 2015இல் டெலுரைடு விழாத் திரையிடலை நீதிமன்றம் வழியாகத் தடுத்தார். படம் பிடிக்கும் என்றும் சொன்னார், ஆனால் சம்மதம் தரவில்லை. 2018 ஆகஸ்டில் இறந்தார். நவம்பரில், குடும்பத்தின் ஒப்புதலோடு, படம் திரைக்கு வந்தது. நான் கண் கலங்கிய காட்சி, அவர் வேண்டாமென்று சொன்ன காட்சியும்தான்.

இது என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்றால், சினிமா படித்த காலத்தில் அப்பத்தாவின் ஒப்பாரியைப் படம்பிடித்தேன். சாவு விழாத வீட்ல பாடக்கூடாது என்று களத்துமேட்டுக்குக் கூட்டிப்போனாள். என்னிடம் இருந்தது சாவி கொடுக்கும் போலெக்ஸ் கேமரா. ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. ஒலி தனிக் கருவியில். கிளாப் அடிக்க எனக்கும் தோன்றவில்லை. படத்தை வீடியோவுக்கு மாற்றியபோது நொடிக்கு 24 ஃபிரேம் 25 ஆகி, ஒரு நிமிடப் படம் 57.6 நொடியாகச் சுருங்கியது. போதாததற்கு, ஸ்பிரிங் தளரத் தளர வேகமும் மாறியிருந்தது. ஒலிப்பதிவில் கேமராவின் கரகர சத்தம் தொடங்கும் இடத்தை வைத்து ஷாட்டின் தொடக்கத்தைப் பிடித்துவிடலாம். பத்து நொடிக்குள் நழுவிவிடும். அவள் மாரில் அடிப்பாள், சத்தம் பிறகு வரும்.

போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாட்ட வச்சுக்கய்யா. மூஞ்சி வேணாம்"னு சொன்னாள். சிங்க் ஆகாததால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவே இல்லை.

அப்பத்தா இப்போது இல்லை. வேகத்தைத் துண்டு துண்டாக மாற்றி ஒட்டுவதற்கு என் மடிக்கணினி போதும். போன மாதம் ஒரு ஷாட்டை மட்டும் பொருத்திப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் கையும் மாரும் சத்தமும் ஒரே ஃபிரேமில் வந்து விழுந்தன. உடம்பு சிலிர்த்தது. உடனே அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது.

அரேதாவின் படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பார்க்காமல் இருப்பது நஷ்டம். ஆனால் வாயையும் குரலையும் பொருத்திய அந்த வேலையைப் புகழும்போது, பொருத்தவேண்டாம் என்றவரின் குரலையும் கேட்டுவிட்டுப் புகழுங்கள். என் டைம்லைனில் அந்த ஒரு ஷாட் மட்டும் பொருந்திக் கிடக்கிறது. மற்றவற்றை இன்னும் தொடவில்லை.