விவிலியக் கதைகளும் வண்ணக் கண்ணாடியும்: முகத்துவாரத்திலிருந்து ஒரு நோக்கு

விவிலியக் கதைகளைத் தமிழ் மக்கள் எவ்வாறு கேட்டனர் என்பது பற்றி ஆராய்ச்சியாளர் ஓரளவு எழுதியுள்ளனர். அக்கதைகளை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்ற வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படாமலே உள்ளது. கொழும்பின் வடபகுதி இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும். கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. உருவங்களை ஏற்காத சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயம் அது. அங்கே கதை செவிக்குரியதேயன்றிக் கண்ணுக்குரியதன்று. அச்சபையின் சுதேச குருவாகிய பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சாயிற்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, வடக்கே களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்திலே, மற்றொரு மரபு காலூன்றிற்று. கொழும்பின் முதல் அங்கிலிக்கன் ஆயரான ஜேம்ஸ் சப்மனின் முயற்சியால் 1851இல் புனித தோமையார் கல்லூரியும் 1854இல் கிறிஸ்து நாதர் பேராலயமும் இங்கே தோன்றின. ஆங்கில நாட்டுக் கோயிற்கலை இலங்கைக்குள் வந்த வாயில்களுள் இதுவும் ஒன்று. அக்கலையிலே கதை சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் வண்ணக் கண்ணாடி யன்னலுக்கு உரியது. சொல் தமிழான நகரிலே கண்ணாடி மட்டும் ஏன் தமிழாகவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எழுத்தறியாதார் நூலிற் படிப்பதைச் சுவரிற் பார்த்து அறியட்டும் என்ற கருத்துப்பட, ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் பாப்பரசர் கிரகோரியார் மார்செய் நகர ஆயருக்கு எழுதினார். ‘ஏழைகளின் விவிலியம்’ என்று வண்ணக் கண்ணாடியைப் போற்றுவோர் இக்கருத்தையே இன்றும் துணைக்கழைப்பர். ஆனால் கண்ணாடிகளே இதற்கு முழுச் சான்று பகர்வதில்லை. பிரான்சின் சார்த்தர் பேராலயத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்ல சமாரியன் யன்னலை எடுத்துக்கொள்வோம். அது கீழிருந்து மேலாக வாசிக்கப்பட வேண்டியது. கள்வர் கையில் அகப்பட்ட வழிப்போக்கன் கதை முதலில் வரும். அதன் மேலே ஆதாம் ஏவாளின் படைப்பும் வீழ்ச்சியும் தொடரும். அடிபட்டுக் கிடந்தவன் வீழ்ந்த மனிதகுலம், அவனைத் தூக்கியெடுத்தவன் கிறிஸ்து என்ற மறைபொருளைப் பிரசங்கி விளக்காதவிடத்து, பாமரன் தானாகப் பொருத்திப் பார்த்தல் அரிது. ஆகவே கண்ணாடி கதையைக் கற்பித்தது என்பதிலும், முன்னரே கேட்ட கதையை நினைவூட்டியது என்பதே பொருந்தும். நினைவூட்டலுக்குப் பொதுவான நினைவு வேண்டும். அந்த யன்னலின் அடித்தட்டிலே, அதனை அளித்த சப்பாத்துத் தொழிலாளர் தம் தொழிலைச் செய்தவண்ணம் இடம்பெற்றுள்ளனர் என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. கதை அவர்களது கைகளுக்கு மேலே எழுகின்றது.

இந்த உறவே குடியேற்ற நாட்டில் அறுந்துபோயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே இக்கலை புத்துயிர் பெற்றபோது, அந்நாட்டுக் கலைக்கூடங்கள் பேரரசெங்கும் யன்னல்களை ஏற்றுமதி செய்தன. இறந்தோர் நினைவாகக் குடும்பத்தவர் அளிக்கும் நன்கொடையாக அவை ஆயின. முகத்துவாரத்துக்கு வந்த அதே திருச்சபை மரபு மலைநாட்டில் எவ்வாறு விளைந்தது என்பதற்குக் கண்டி தூய பவுல் தேவாலயம் நல்ல சான்று. அங்குள்ள 1874ஆம் ஆண்டு யன்னல் பிறப்பு, சிலுவைப்பாடு, கல்லறைத் தூதன், விண்ணேற்றம் ஆகியவற்றைக் காட்டும். எந்த ஆங்கிலப் பட்டணத்திலும் காணத்தக்க தேர்வுதான். அதே ஆலயத்திலுள்ள நல்லாயன் யன்னல் தோட்டத்துரை ஒருவரின் குடும்பத்தவர் அளித்தது. ஆடுகளைத் தோளிற் சுமக்கும் ஆயனின் உவமையைத் தோட்டத்துரையின் குடும்பம் தேர்ந்தது வியப்பன்று. ஆனால் அக்காலத்துக் கோப்பி மலைகளிலே தோளிற் சுமந்தவர் எவர் என்பதைத் தமிழ் வாசகர் மறத்தல் இயலாது. சார்த்தரிலே தொழிலாளர் கண்ணாடிக்குள் இருந்தனர். இங்கே அவர்களுக்கு அதில் இடமில்லை.

முகங்களின் வெண்மையை மட்டும் குறை கூறி இவ்விடயத்தை முடித்துவிடுவோர் உண்டு. அது எளிய விமரிசனம். ஊடகமே ஒரு பிரச்சினை என்பதை அவர்கள் காண்பதில்லை. நிறமூட்டிய கண்ணாடித் துண்டுகளை ஈயச் சட்டங்களாற் பிணைத்து, வெளியொளி ஊடுருவ வைப்பது இக்கலை. கோபால்ற்று நீலத்தைத் தரும். செம்பு சிவப்பைத் தரும். சூளையிற் சுட்டெடுத்த கருந்தீற்றல் முகத்தையும் மடிப்பையும் தரும். சார்த்தர் 48 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் தாழ்ந்து சாய்ந்து வரும். கொழும்போ 7 பாகையில் உள்ளது. இங்கே நண்பகற் சூரியன் கூரைக்கு மேலே நிற்கும். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சி இறவாரத்தை நீட்டினால் யன்னலுக்கு வரும் ஒளியும் குறையும். கடற்காற்று வேண்டி மக்கள் திறந்துவைக்கும் வாயிலை, திறக்கமுடியாத ஈயக் கண்ணாடி அடைத்துவிடுகின்றது. காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே அதற்குரிய வேளை.

டேவிட் பெயின்ரர் கண்ணாடியை நாடாது சுவரை நாடியமை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, இலண்டனிற் பயின்ற இவ்வோவியர் (1900–1975), கண்டித் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1928 முதலாகச் சுவரோவியங்களை வரைந்தார். அவற்றுள் நல்ல சமாரியன் கதையும் ஒன்று; சிலுவைப்பாடு கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்தில் நிகழ்கின்றது. முகத்துவாரத்தை விட்டு, துறைமுகக் கரித்தூளின் தொல்லையால், 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்த புனித தோமையார் கல்லூரியின் சிற்றாலயத்திலும் 1968இல் அவர் தூரிகை கதை சொல்லிற்று. தாடியில்லாத இளைஞனாக அவர் தீட்டிய கிறிஸ்து பலரைத் துணுக்குறச் செய்தார். எனினும் உரோமாபுரியின் நிலக்கீழ்க் கல்லறைகளிலே கிறிஸ்தவர் முதன்முதல் வரைந்த இயேசுவும் பெரும்பாலும் தாடியற்ற இளைஞரே.

பெயின்ரரின் ஓவியங்கள் பெருமைக்குரியன. ஆயினும் ஓரிழப்பையும் சொல்லுதல் தகும். சார்த்தர் யன்னல் கதையைப் பல துண்டுகளாகப் பகுத்து, நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தும். சுவரோவியமோ ஒரு கணத்தை நிறுத்திவிடும். அங்கே நிலமும் மேனியும் நமதாயின. கதைசொல்லும் முறை நமதாகவில்லை.

அம்முறை நமதானது கத்தோலிக்க நாட்டுக்கூத்திலேதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1966இல் வெளிவந்த மன்னார் ‘மூவிராசர் நாடக’த்தை இங்கு நினைவுகூரலாம். மத்தேயு நற்செய்தியிலே கீழ்த்திசையிலிருந்து வந்தோர் ஞானிகள். அவர்கள் அரசர் என்றோ மூவர் என்றோ அது கூறவில்லை. ஐரோப்பியக் கண்ணாடி அவர்களுக்கு முடிசூட்டிற்று. தமிழ்க் கூத்து அம்முடியை ஏற்றுக்கொண்டு, விருத்தமும் தருவும் பாடவைத்து, அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடவும் வைத்தது. ஏரோதின் கொலுவுக்குத் தமிழ் அரங்கின் அரசகொலுவே மாதிரியாயிற்று. மேனி நிறத்தை மாற்றியதால் வந்த உரிமையன்று இது. உருவத்தையே மாற்றியதால் வந்தது.

முகத்துவாரத்துக் கத்தோலிக்க ஆலயம் புனித யாகப்பருக்கு உரியது. இராயப்பர், யாகப்பர், அருளப்பர் என்று பழந்தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய மூவரும் கலிலேயாக் கடலில் வலை வீசியோரே. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்திலே வலையில் அகப்பட்ட மீன்கள் எண்ணப்படுகின்றன: 153. கரையிலே தணல் மூட்டி மீன் சுடப்படுகின்றது. விவிலியத்திலே முகத்துவாரத்துக்கு இதனிலும் நெருங்கிய காட்சி வேறில்லை. ஆனால் இக்காட்சியை எத்துணை அழகாகக் கண்ணாடியில் தீட்டினாலும், அது உள்ளே அமர்ந்திருப்பவனுக்கே கதை. பகலில் வெளியே நிற்பவனுக்கு ஈயக் கோடுகள் ஓடும் கரிய பலகை மட்டுமே தெரியும். இரவு வழிபாட்டுக்காக உள்ளே விளக்கேற்றிய பின்னரே தெருவுக்கு அதன் நிறம் தெரியவரும். அவ்வேளையில் முகத்துவாரத்து மீனவருட் பலர் கடலில் இருப்பர்.