பெரம்பூரில் பிறந்த கோச்சி

இலங்கையின் காங்கேசன்துறை மேடையில் உத்தரதேவி ரயில் வந்து நின்றால் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பேன். இந்தியக் கடனுதவியில் வாங்கிய எஸ்-13 வகை டீசல் தொடர் அது. கட்டியது சென்னை பெரம்பூரின் ஐசிஎஃப். கொல்கத்தா மெட்ரோவுக்குப் பெட்டி செய்த அதே தொழிற்சாலை. 2019 ஜனவரியில் வடக்குப் பாதையில் ஓடத் தொடங்கியது.

இரு முனையிலும் சாரதி அறை. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை இல்லை. சாரதி இறங்கி அடுத்த முனைக்கு நடந்தால் போதும். கடலோடு பாதை முடிகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறென்ன?

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தண்டவாள அகலம் ஒன்றே, 1,676 மில்லிமீற்றர். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குக் கோச்சியே வரவில்லை. அதனால் இந்தப் பெட்டிகள்மீது எனக்குத் தனிப் பிரியம்.

ஆனால் குளிரூட்டிய பெட்டியின் மூடிய கண்ணாடியில் எனக்கு மனமில்லை. ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்க வேண்டும். திறக்கும் யன்னல் உள்ள சாதாரணப் பெட்டியில்தான் இருப்பேன். கொடிகாமம் தாண்டினால் பனை வாசமும் வரும்.