விரல் இடுக்கில் வலைவீச்சு

நடவுக்காலத்தில் கூட்டேரிப்பட்டுப் பக்கம் கழனியில் நிற்கிற கால்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி, ராத்திரியெல்லாம் அரிக்கும். சொறிகிறவருக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிற வேலைதான் அழகு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ரத்தக்குழாய்ச் சுவரோரம் உருண்டு, ஒட்டி, இண்டு இடுக்கில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வரும். புண்ணில் குடியேறிய கேண்டிடா பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைப் பொருளைத் தொட்டதும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்.

பூஞ்சை உருண்டைச் செல்லாக இருந்தால் ஒரே விழுங்கு. இழையாக நீண்டு வாய்க்கு அடங்காவிட்டால் வெள்ளணு தன் டி.என்.ஏ.வையே அவிழ்த்து, கிருமிக்கொல்லிப் புரதங்கள் தடவிய வலையாக வீசும்; பெரும்பாலும் அதோடு தானும் சாகும். எனக்குப் பிடித்தது அதன் நிதானம். அளவு பார்த்துத்தான் வீசுகிறது, கண்டபடி வீசினால் நம் சதையும் வெந்துபோகும். ஆனாலும் கால் ஈரம் காய வேண்டும், களிம்பும் வேண்டும்.