ஜாவளியும் கானாவும்

இன்று சபாக்களில் நாம் கேட்கும் கச்சேரி வரிசையை வகுத்தவர் எங்கள் ஊர்க்காரர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளால் களைகட்ட வைத்து, ராகம் தானம் பல்லவிக்குப் போவார். பழைய ஒலிப்பதிவில் கேட்டாலும் அந்த மத்யம கால ஓட்டத்துக்குக் கை தானாகத் தொடையில் தாளம் போடும். ஆனாலும் எனக்கு உயிர், பல்லவிக்குப் பிறகு வரும் துக்கடாக்கள்தான். அதுவரை கணக்குப் பேசிய குரல், பதத்திலும் ஜாவளியிலும் குழைந்து கொஞ்சும்.

ஜாவளி என்னும் காதல் பாட்டு, சதிர் நடனம் ஆடிய பெண்களின் கூடங்களில் செழித்தது. வீணை தனம்மாளின் குடும்பம் போன்றவை அதைக் காத்துக் கொடுத்தன. 1890களில் சென்னையில் சதிருக்கு எதிரான இயக்கம் எழுந்தபோது, சமூக ஒழுக்கக் கேட்டுக்கு அந்தப் பெண்களையே காரணமாகக் காட்டினார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கம் ஒழிய வேண்டியதுதான். அதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானது. ஆனால் அந்தப் பெண்களை ஆதரித்த ஜமீன்தார்களையும் மிராசுதார்களையும் யாரும் அந்த அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை. பாட்டை மட்டும் சபா வாங்கிக்கொண்டது. பழி அந்தப் பெண்களிடமே தங்கிவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வடசென்னைக் கானாவைக் கேட்கிறேன். அது வளர்ந்த இடம் சாவு வீடு. விடிய விடியக் கண்விழிக்க வேண்டிய இரவில், பாடகர் முதலில் தாளமில்லாமல் குரலை நீட்டுவார், விருத்தம் பாடுவதுபோல. இறந்தவர் பெயர், பார்த்த வேலை, தவிக்கவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாம் அதில் வந்து சேரும். பிறகு சட்டென்று டோலக் விழும். டோலக் இல்லையென்றால் குடம், தகர டப்பா, அதுவும் இல்லையென்றால் கைத்தட்டல். அழுது ஓய்ந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எதுகையை அந்தக் கணத்திலேயே பிடித்து, அடுத்த அடி விழுவதற்குள் வரியை முடிக்க வேண்டும். மரண கானா விஜி பாடுவதைக் கேட்டால் தெரியும், காலப்பிரமாணம் தளராமல் சொல்லை உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று. அரியக்குடியாரின் நிரவலை ரசிக்கும் காது இதையும் ரசிக்கும்.

ஆனால் கானா என்றதும் பலருக்கு நினைவில் வருவது குடியும் ரவுடித்தனமும் பெண்களைச் சீண்டுவதும்தான். 1990களில் தேவாவின் சினிமா இசையில் கானா தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கதாநாயகன் கையில் பாட்டிலைக் கொடுத்தவர்களும், தெருவில் போகும் பெண்ணைப் பாட்டால் துரத்த வைத்தவர்களும் சினிமாக்காரர்கள். விசிலடித்து ரசித்தவர்கள் நாம் எல்லோரும். 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது அரசின் டாஸ்மாக். அப்படியிருக்க, குடிக்குக் காரணம் தேடும் விரல் வடசென்னைப் புளியந்தோப்புப் பையனை நோக்கி நீள்வது எனக்குக் கோபமூட்டுகிறது. அவன் சாதி தெரிந்துதான் அந்த விரல் நீள்கிறது. பெண்களை இழிவுபடுத்திய கானாக்கள் உண்டு. பாடியவர் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதற்காக ஒரு கலையும் ஒரு சேரியும் சேர்ந்து கூண்டில் ஏற வேண்டியதில்லை. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் ராப்புக்கும் இதுதான் நடந்தது. என்.டபிள்யூ.ஏ. குழு போலீஸ் அத்துமீறலைப் பாடியது. 1989இல் அந்தப் பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவோடு ராக்கும் ராப்பும் கலந்தன. ஜாவளிக்கு நடந்ததுபோல இல்லாமல், இங்கே பாட்டோடு பாட்டுக்காரர்களும் மேடை ஏறினார்கள். தங்கள்மேல் விழுந்த பழிக்குத் தாங்களே பதில் சொன்னார்கள். இடஒதுக்கீடு ஏன் என்பதைத் தாளத்தோடு விளக்கினார்கள். ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவை அந்த மேடையில் இசைவாணி பாடினார். அவர் குரலில் மெருகைவிடத் துணிவு முன்னால் வருகிறது. உச்சத்துக்குப் போகும் இடத்தில் கெஞ்சாமல், குழையாமல், நேராக ஏறி நிற்கிறது.