தோட்டம் கலைந்த கதையும் நம் படைப்புகளும்

மலேசியத் தமிழ்ப் புனைகதைக்குத் தோட்டப்புறமே தாய்மடி. தமிழகத்து அகிலனும் இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளரை வைத்தே 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலைப் படைத்தார். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மண்ணிலேயே முளைத்தெழுந்த படைப்பு. ஆயினும், தோட்டம் விட்டு நகரம் புகுந்த பெரும் பெயர்ச்சியைக் கூறும் சிறுகதைகள் பலவற்றில் ஒரு வாய்பாடு படிந்துவிட்டது. தோட்டம் சொர்க்கம், நகரம் நரகம், லயத்தை விட்டு வந்த குடும்பம் ஈற்றில் சீரழியும். இவ்வாய்பாடு எத்துணை உண்மை என்பதை ஆராய்தல் வேண்டும்.

இதற்கு நெகிரி செம்பிலான் தக்க உரைகல். லாபு, நீலாய், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் வெறுமையுற்றமைக்குக் காரணம் நகர மோகம் மட்டுமன்று. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் நாடெங்கும் தொழிலாளரை வேரோடு அசைத்தது. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு முறை வந்தது. குடியுரிமையற்றோர் பலர் இந்தியா திரும்பினர். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்றது, ஆள்தேவை குறைந்தது. பின்னர்ச் செனவாங் தொழிற்சாலைகள் அழைத்தன. 1990களில் நீலாயிலும் சிரம்பானிலும் தோட்ட நிலங்களின்மேல் புதுநகர்கள் எழுந்தன. 1998இல் அண்டை மாநிலத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பெற்றதும் அந்நிலங்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 1970இல் மலேசிய இந்தியருள் நகரவாசிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே; 2000இல் ஐவரில் நால்வர் நகரவாசிகள்.

இதனால் தோட்டப்புறம் இழந்தவை பல. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகிவிட்டன. சில பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தும் தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றன. திருவிழாவுக்கு மட்டும் ஆள் திரளும் கோயில்கள் உள்ளன. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியேறினர். இவ்விழப்பைப் பாடும் எழுத்தாளரின் கண்ணீர் பொய்யன்று.

பிழை, அக்கண்ணீர் மறைக்கும் பகுதியில் உள்ளது. லயத்து வீடு ஒருநாளும் தொழிலாளியின் வீடாக இருந்ததில்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. தோட்டம் சொர்க்கமாயின், தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டுமென 1966இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டிய தேவை ஏன் எழுந்தது? பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற தந்தையின் அவமானத்தை மறந்துவிட்டு, அவர் நட்ட முருங்கையை மட்டும் நினைவுகூர்வது அரை உண்மையே.

நகரமும் கதைகளில் அரைகுறையாகவே வருகிறது. குடிசைப் பகுதியும் அடுக்குமாடியும் குண்டர் கும்பலும் வருகின்றன, அவை மெய்யே. ஆனால் மாத வாடகை எவ்வளவு, பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவது யாது, தவணைக் கடன் எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்ற கணக்கு வருவதில்லை. தொழிற்சாலைச் சம்பளத்தைத் தன் கையால் வாங்கிய மகள், கங்காணியின் தயவின்றித் தலைநிமிர்ந்த காட்சியும் அரிதாகவே வருகிறது. விதியும் மதுவுமே காரணமாகின்றன; நிலம் காரணமாவதில்லை.

நகரம் இம்மக்களைச் சீரழித்தது என்பதைவிட, தலைமுறைகள் உழைத்தும் ஒரு முழ நிலமின்றி, வேறு தொழிற்பயிற்சியுமின்றி அவர்கள் நகர வாயிலில் நிறுத்தப்பட்டனர் என்பதே பொருந்தும். நிலமும் கல்வியும் பெற்றுப் பெயர்ந்தோர்க்கு நகரம் ஏணியாயிற்று. வெறுங்கையோடு பெயர்ந்தோர்க்கு அது பாழுங்கிணறாயிற்று. இவ்வேறுபாட்டைக் காட்டாத கதை, வாசகனை அழவைக்கும், சிந்திக்க வைக்காது.

வெளியேற்ற அறிவிப்பு, இழப்பீட்டுப் பேச்சு, மாற்று வீட்டுக்கான நெடுங்காத்திருப்பு ஆகியவையும் கதைக்குரிய பொருள்களே. எஞ்சிய தோட்டங்களுக்கும் அந்நாள் வரக்கூடும். அப்போது அம்மக்கள் கையில் இருக்க வேண்டியது ஒப்பாரி அன்று. தம் உரிமை இன்னதெனத் தெளியும் அறிவு. அதனை ஊட்டுதல் எழுத்தாளர் கடன்.