லும்பியா சுருட்டும் கைகள்

கலிஃபோர்னியாவில் குடும்பமாக நடத்தும் பிலிப்பினோ உணவு வண்டிகளின் பலம் அந்தச் சமையலிலேயே இருக்கிறது. லும்பியா என்ற பொரித்த சுருளுக்கு மெல்லிய மாவுத்தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொத்திறைச்சியை விரல் தடிமனுக்கு வைத்து இறுகச் சுருட்டி, ஓரத்தை ஈரம் தொட்டு ஒட்ட வேண்டும். தனி ஆளுக்கு அலுப்பான வேலை. பாட்டியும் பேரனும் உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். அடோபோவோ வினிகரில் வேகுவதால் எளிதில் கெடாது, வண்டிக்கென்றே பிறந்த குழம்பு.

சிசிக் என்ற பிலிப்பினோ பன்றி இறைச்சி வறுவலை மெக்சிகோவின் புரிட்டோவுக்குள் சுருட்டுவது மரபுக் கேடு என்பார்கள். ஆனால் அந்த மரபே கலப்புதான்: அடோபோ என்ற பெயரே ஸ்பானியம்; லும்பியா சீனர்களோடு வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் லாரி இட்லியோங் தலைமையில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய பிலிப்பினோ தொழிலாளர்கள், பின்னர் சேர்ந்துகொண்ட மெக்சிகோ வம்சாவளியினரோடு பிலிப்பினோ மன்றத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அந்தப் புரிட்டோவில் எனக்குத் தெரிவது அந்தப் பந்திதான்.